ஏறாத சராசரி

லிண்ட்சே டிரெலோர் வியாழக்கிழமை மதியங்களில் ஷ்னிட்சல் என்ற பொரித்த இறைச்சித் துண்டை விட்டுவிட்டு, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பேஸ்டிக்கு மாறியதை ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா பௌல்ஸ் கிளப்பில் ஒருவன்தான் கவனித்தான். அவன் பெவன் ஆஸ்லர். முப்பது வருடம் லிண்ட்சேயோடு ஒரே ரயில் என்ஜினில் உட்கார்ந்து வந்தவன். கவனித்து என்ன பயன், கிண்டல் செய்வதற்கு மட்டுமே அவனுக்குக் கண் கொடுத்திருந்தார்கள்.

"என்னடா, வயசானதும் கார்ன்வால் ரத்தம் பேசுதா? உங்க பாட்டன் சுரங்கத்துக்குள்ள தின்னதையே நீயும் தின்னுட்டு உக்காந்திருக்க."

"பல்லு சரியில்லடா," என்றான் லிண்ட்சே.

பல்லுக்கு ஒரு குறையும் இல்லை. தட்டை மறைக்கும் அந்த ஷ்னிட்சலை அறுக்க இரண்டு கை வேண்டும். பேஸ்டியை இடது கையால் தூக்கிக் கடித்துவிடலாம். வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். அந்த வலது கை ஒரு வருடத்துக்கு மேலாகத் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அடிலெய்டில் நரம்பு டாக்டர் அதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, "வீட்டுல யார்கிட்டயாவது சொல்லிடுங்க" என்று அனுப்பிவைத்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி ஜேனட் போய்ச் சேர்ந்தாயிற்று. பிள்ளை இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வாய் திறந்து பேச அவனுக்கு இருந்தது அந்த வியாழக்கிழமை மேசை ஒன்றுதான். மேசையில் சொல்லலாம். ஆனால் மேசையை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கிளாரி என்று ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான். பக்கவாதம் வந்து பிழைத்துத் திரும்பியவனை அந்த மேசை எப்படித் தாங்கியது என்பதை லிண்ட்சே பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தான். இறைச்சியை நறுக்கிக் கொடுத்தார்கள், கூடவே "மென்னு முழுங்கு கண்ணு" என்றார்கள். அவனிடம் கேட்க வேண்டியதை அவன் மனைவியிடம் கேட்டார்கள். கிளப்பின் கோல்ஃப் அணியிலிருந்து தூக்கிவிட்டு "நீ கை தட்டினா போதும் கிளாரி" என்றார்கள். ஒரு கை விளங்காதவனிடம் சொல்லும் பேச்சா இது? கொஞ்ச நாளில் கிளாரி வருவதை நிறுத்திக்கொண்டான். அவன் குழறிப் பேசுவதை பெவன் இன்றைக்கும் பேசிக் காட்டுவான். மேசை இன்றைக்கும் சிரிக்கும். லிண்ட்சேயும் சிரித்திருக்கிறான்.

அந்த மேசைக்காரர்கள் எல்லோரும் கோல்ஃப் பைத்தியங்கள். சுற்றுவட்டாரத்தில் மழை பெய்தால்தானே புல் முளைக்கும். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த கருமணலைப் பரப்பி அதன்மேல் பந்தை உருட்டி வளர்ந்தவர்கள் அவர்கள். முழங்காலும் இடுப்பும் கைவிட்ட பிறகு கம்ப்யூட்டரில் ஆட ஆரம்பித்தார்கள். அங்கே எங்கு திரும்பினாலும் பச்சை. திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும், அதில் ஒரு கோடு ஓடிவரும். நடுக்குறியை அது தொடும் நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் 'டிங்' என்று ஒரு சத்தம், பந்து சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு இமைப்பு பிசகினாலும் பந்து புதருக்குள். ஆட்டமே இவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை வெறி.

லிண்ட்சே அந்த மேசையின் ராஜா. நிலக்கரி வண்டி ஓட்டிய கை அது. கண்ணுக்கு எட்டாத நீளத்துக்குப் பெட்டிகளை இழுத்து வந்து, நிறுத்த வேண்டிய கோட்டில் நிறுத்திய கை. ஜேனட் நோயில் படுத்திருந்த காலத்தில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஆடினான். கண்ணை மூடிப் படுத்தபடியே அவள் காதால் ஆட்டம் பார்ப்பாள். "டிங் கேக்கலையே, சொதப்பிட்டியா?" என்பாள். அவள் அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வெறிபிடித்து ஆடினான். அவள் போகும்போது அவனுடைய சராசரி அறுபத்திரண்டு புள்ளி நான்கு ஒன்று. கோல்ஃபில் பதினெட்டுக் குழிகளையும் குறைவான அடிகளில் முடிப்பவன்தான் கெட்டிக்காரன். எழுபத்திரண்டு அடித்தாலே சபாஷ் என்பார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஏறி, கடைசிப் படியான வைரத்தில் போய் உட்கார்ந்தான்.

இந்தச் சராசரி இருக்கிறதே, அது பள்ளிக்கூடத்துச் சராசரி இல்லை. ஆடியதை எல்லாம் கூட்டி வகுப்பதில்லை. ஒருவன் வாழ்நாளில் ஆடியதில் சிறந்த ஐந்நூறு ஆட்டங்களை மட்டும் எடுத்து வகுக்கிறார்கள். அந்த ஐந்நூறு நிரம்பிவிட்டால், பிறகு நீ மண்ணைக் கவ்வினாலும் அது கணக்கில் வராது. நன்றாக ஆடினால் உள்ளே இருக்கும் மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு இது உட்காரும். ஆக, சராசரி இறங்கலாம். ஏறவே ஏறாது. ஏன் இப்படி என்றால் திருடர்களுக்குப் பயந்து. வேண்டுமென்றே மோசமாக ஆடி, சராசரியை ஏற்றிக்கொண்டு, கீழ்ப்படியிலேயே தங்கிக் கத்துக்குட்டிகளை அடித்துப் பரிசு வாங்குகிற கூட்டம் ஒன்று உண்டு. அந்த மாதிரி ஆளை மணல்மூட்டை என்பார்கள். மணல்மூட்டைகளைத் தடுக்க விதி செய்த புத்திசாலிகளுக்கு, மனிதனுக்கு வயசாகும், நோய் வரும் என்பது மட்டும் தோன்றவில்லை.

வைரத்தில் பந்தை வைக்கும் இடம் குழியிலிருந்து வெகு தூரத்தில். கோடு ஓடும் வேகமோ பேய் வேகம். நடுங்கும் கையோடு லிண்ட்சே அங்கே எழுபத்தெட்டு, எண்பது என்று அடித்தான். எதிரே ஆடும் முகம் தெரியாத ஆட்கள், "அறுபத்திரண்டா? எந்தக் கடையில வாங்கின?" என்று எழுதினார்கள். கீழ்ப்படிக்குப் போகலாம் என்றால் சராசரி ஏற வேண்டும். அது ஏறாது. ஜேனட்டின் காதுக்காக ஆடிய ஆட்டங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு அவனை இறங்க விடவில்லை.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். கடற்கரைக் கூழைக்கடாவின் பெயரில், 'பெலிகன்' என்று புதுக் கணக்கு ஒன்று திறந்தான். அந்த உலகத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஆனால் வெண்கலப் படியில் கோடு மெதுவாக ஓடியது, பந்து பக்கத்தில் இருந்தது, எதிரே ஆடுகிறவர்களும் அவனைப் போலவே தடுமாறினார்கள். அவன் எந்தப் பரிசுப் போட்டியிலும் சேரவில்லை. எழுபத்துநான்கு புள்ளி மூன்று என்று ஒரு சராசரி வந்தது. அதைப் பார்த்து அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு எண் அவனைப் பற்றி உண்மை பேசியது.

இனி நோலீன் ஷிர்மரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணித் தலைவி. நகராட்சியில் வீட்டு வரிப் பிரிவில் வேலை பார்த்தவள். எந்த வீட்டில் எந்த அறையை மறைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்தே காலத்தை ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் அந்த மூக்கை வீட்டில் சும்மா வைத்திருக்க முடியவில்லை, மணல்மூட்டைகளைத் தேடிக் கிளம்பினாள். அதற்காகவே வெண்கலத்தில் ஒரு வேவுக் கணக்கு வைத்திருந்தாள். ஒருநாள் அங்கே பெலிகன் என்பவனோடு ஆடினாள். அவள் பந்து குழிக்குள் விழுந்ததும் அவன் எழுதினான்: 'சிக்னல் விழுந்தாச்சு, கிளம்பு.'

சாப்பாட்டுத் தட்டு வந்ததும் லிண்ட்சே வாரா வாரம் சொல்லும் வார்த்தை அது. ஊரில் வேறு எவனும் அப்படிச் சொல்வதில்லை.

வையல்லா ஊர்க்காரர்களோடு வருடாந்தரப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அணிப் பட்டியலில் முதல் பெயர் லிண்ட்சே. கிளப் ஆட்டங்களை எல்லாம் 'நெட் சரியில்லை' என்று அவன் தட்டிக்கழித்து வந்ததை நோலீன் இப்போது வேறு கண்ணோடு பார்த்தாள். 'இந்த வியாழன் கட்டாயம் வா' என்று போனில் செய்தி அனுப்பினாள். முந்தின வாரம்தான் டாக்டர் லிண்ட்சேயின் மாத்திரை அளவைக் கூட்டியிருந்தார். போதாதென்று, கை மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில், கிளம்பும் முன் கூட ஒன்றைப் போட்டு விழுங்கினான். அந்த ஒரு மாத்திரைதான் அவனைக் குழியில் தள்ளியது.

கிளப்பில் குதிரைப் பந்தயம் காட்டும் பெரிய திரையில் நோலீனின் மடிக்கணினி இணைக்கப்பட்டிருந்தது. பெவன்கூட வாயை மூடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததுமே லிண்ட்சே திரும்பிப் போயிருக்க வேண்டும்.

"பெலிகன் யாரு லிண்ட்சே?" என்றாள் நோலீன்.

லிண்ட்சே பேஸ்டியைத் தட்டில் வைத்தான். "எந்தப் பெலிகன்?"

"'சிக்னல் விழுந்தாச்சு, கிளம்பு'ன்னு பேசுற பெலிகன். நம்ம கடற்கரையில இருக்கிறதெல்லாம் மீன்தான் கேக்கும், ரயில்வே பாஷை பேசாது."

பெவன் 'ஹா' என்று ஒரு சத்தம் போட்டான்.

"நீ எப்படி அங்க வந்து பார்த்த? அப்போ நீயும்தானே ரெண்டாவது கணக்கு வெச்சிருக்க?" என்றான் லிண்ட்சே.

"அது வேவு. இது திருட்டு. வித்தியாசம் தெரியாத வயசா உனக்கு?"

மேசை அவளுக்குத் தலையாட்டியது. மேசைகள் எப்போதும் சத்தம் அதிகம் வரும் பக்கம்தான் ஆடும்.

"வைரத்துல அறுபத்திரண்டு. வெண்கலத்துல எழுபத்துநாலு. ஒரே ஆளு, ஒரே கை. எது பொய்? நீயே சொல்லு."

"ரெண்டும் பொய் இல்ல நோலீன். அந்த அறுபத்திரண்டு பழசு. சிறந்த ஆட்டத்தை மட்டும்தானே எடுக்கறான்? அது ஏறாது. உனக்குத் தெரியாததா?"

"எனக்கு நல்லாவே தெரியும். அதைத்தான் கேக்கறேன். அப்படி ஆடின மனுஷன் திடீர்னு எழுபத்துநாலு ஆடுவானா? ஏன்? கை ஒடிஞ்சு போச்சா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கதையே வேறு. ஆனால் எதிரே கிளாரியின் காலி நாற்காலி கிடந்தது, அதன் முதுகில் பெவன் தன் கோட்டை மாட்டியிருந்தான்.

"கண்ணு... கொஞ்சம் மங்கல்," என்றான் லிண்ட்சே.

"யாரு, நீயா? போன வாரம் இங்க உக்காந்துக்கிட்டே அந்தத் திரையில குதிரை பேரெல்லாம் படிச்சியேடா! ஓட்டுறவன் பேரைக்கூட விடல நீ," என்றான் பெவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நோலீன் சிரிக்கவில்லை. மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஆடிக் காட்டு. உன் வைரக் கணக்குல, இங்கேயே, எங்க கண்ணு முன்னாடி. எழுபதுக்கு மேல போனா நான் எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். கீழ வந்தா ரெண்டு கணக்கையும் புகார் எழுதி மூட வெக்கிறேன். இந்த நாற்காலியும் உனக்கு இல்ல."

லிண்ட்சேக்கு ஒரு நிமிடம் பெரிய நிம்மதி வந்தது. எழுபதா? வைரத்தில் அவன் எழுபத்தெட்டுக்குக் குறைந்து ஒரு வருடம் ஆகிறது. சரி, வாய் சொல்ல மாட்டேன் என்கிறது, கையே சொல்லட்டும். பார்த்துவிட்டுப் பரிதாபப்படட்டும், இறைச்சி நறுக்கிக் கொடுக்கட்டும், 'மென்னு முழுங்கு' என்று சொல்லட்டும். திருடன் என்ற பெயருக்கு அது எவ்வளவோ தேவலை. தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து, ஒரு வருடத்தில் முதல் தடவையாக, மேசைமேல் வைத்தான்.

கை அசையாமல் கிடந்தது.

முதல் அடி. டிங்.

அவனே திடுக்கிட்டான். இரண்டாவது அடியும் டிங். பந்து குழிக்குப் பக்கத்தில் போய்ச் சாதுவாக நின்றது. தற்செயல் என்று நினைத்தான். நாலாவது குழியில் அது தற்செயல் இல்லை என்று தெரிந்துவிட்டது. மாத்திரை உள்ளே போய் வேலை செய்துகொண்டிருந்தது. பழைய கை திரும்பி வந்துவிட்டது. பேய் வேகத்தில் ஓடும் கோடு அவனுக்கு மெதுவாகத் தெரிந்தது, நிலையத்துக்குள் நுழையும் வண்டி டிரைவருக்குத் தெரிவதுபோல. எங்கே உட்கார்ந்திருக்கிறோம், எதற்கு ஆடுகிறோம் என்பதையே மறந்துபோனான். அவனுக்கு நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பக்கத்தில் கட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஆடினான்.

"கை ஒடிஞ்சவன் ஆட்டம் ஜோரா இருக்கே," என்றான் பெவன்.

லிண்ட்சே விழித்துக்கொண்டான். நிமிர்ந்து பார்த்தால் பெரிய திரையில் அவன் எண் எரிந்துகொண்டிருந்தது. பதின்மூன்று குழி முடிந்திருந்தது. இப்படியே போனால் எழுபது என்ன, அறுபத்தைந்தைக்கூடத் தொடாது. ஒவ்வொரு டிங்குக்கும் மேசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நல்ல ஆட்டத்தை அந்தக் கிளப் அவ்வளவு வெறுப்போடு பார்த்ததே இல்லை.

அடுத்த குழியில் பந்து ஒரு முழம் தள்ளி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழும். வாழ்நாளில் லிண்ட்சே ஒரு பந்தைக்கூட வேண்டுமென்று தவறவிட்டதில்லை. இப்போது, தான் திருடன் இல்லை என்று காட்டுவதற்காக, திருடன் செய்வதைச் செய்தான். கோடு நடுக்குறியைத் தாண்டும்வரை காத்திருந்து அழுத்தினான். பந்து குழியை ஒட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

"நிறுத்து!" நோலீன் எழுந்தே விட்டாள். "எல்லாரும் பார்த்தீங்கல்ல? கோடு தாண்டினதுக்கு அப்புறம்தான் விரல் அசையுது. வேணும்னே விடறான். இப்படித்தான்யா மூட்டை கட்டுறாங்க. பத்து வருஷமா நான் சொல்றேன், இன்னைக்குக் கண்ணால பாருங்க."

அந்த மதியம் அவள் சாட்டிய குற்றங்களில் அது ஒன்றுதான் உண்மை.

லிண்ட்சே மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தான். "நோலீன், கேளு. எனக்கு உடம்பு சரியில்ல. பார்க்கின்சன். ஒரு வருஷமா கை நடுங்குது. அதனாலதான் பேஸ்டி, அதனாலதான் எல்லாம்."

யாரோ பீர் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"எங்க, கையைக் காட்டு," என்றான் பெவன்.

லிண்ட்சே இரண்டு கைகளையும் நீட்டினான். நடுங்கு என்று வலது கையைக் கெஞ்சினான். தன் கையிடம் எந்த மனிதனும் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டான். இரண்டு கைகளும் விரல் விரலாக, பலகை போல, சும்மா நின்றன.

முதலில் சிரித்தது பெவன். பிறகு எல்லோரும். நோலீன் மட்டும் சிரிக்காமல் அவன் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் பேசினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எங்க அக்கா அந்த நோய்லதான் போனா. அவளுக்கு ஸ்பூனால ஊட்டுனவ நான். அந்த நடுக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ என்ன வேணா திருடு லிண்ட்சே. அதை வெச்சு மட்டும் பொய் சொல்லாத. த்தூ."

லிண்ட்சே நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டான்.

"மிச்சத்தை ஆடி முடி," என்றாள்.

ஆடினான். வேறு என்ன செய்வது. மீதிக் குழிகளில் எல்லாம் டிங், டிங் என்று விழுந்தது. முடித்தபோது அறுபத்தொன்று. திரை ஒரு நொடி யோசித்தது. நல்ல ஆட்டம் என்பதால் அது ஐந்நூறுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சராசரி அறுபத்திரண்டு புள்ளி நான்கு என்று ஒரு நூலிழை இறங்கியது. வாழ்த்துகள் என்று எழுதி, வண்ணக் காகிதம் தூவியது. நோலீன் அதை அப்படியே படம் எடுத்துப் புகாரோடு அனுப்பினாள்.

"சிக்னல் விழுந்தாச்சு லிண்ட்சே," என்றான் பெவன். "கிளம்பு."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் அவனுடைய பழைய பிக்கப் நின்றது. நடந்து போகும்போதே, மாத்திரையின் வேகம் இறங்கி, முழங்கையில் இருந்து நடுக்கம் கிளம்புவது தெரிந்தது. சாவியைத் துளைக்குக் கொண்டுபோனான். சாவி கதவில் அங்கும் இங்கும் இடித்துக் கீறியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முயன்றான். மொத்த உடம்பும் சேர்ந்து ஆட ஆரம்பித்தது, சாவி கீழே விழுந்தது.

சிகரெட் பிடிக்க வெளியே வந்த பெவன் கதவோரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். லிண்ட்சே திரும்பி, ஆடும் கையை மறைக்காமல், அவனை நோக்கித் தூக்கிக் காட்டினான். முப்பது வருடம் ஒரே என்ஜினில் உட்கார்ந்து வந்தவன் ஆயிற்றே.

"போதும்டா," என்றான் பெவன். "அங்கேயே செஞ்சிருக்கணும் இதை. இப்போ யாருக்காக நடிக்கிற?"

சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு உள்ளே போனான். லிண்ட்சே குனிந்து சாவியைத் தேடி எடுத்தான். கிளப்பின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு ஸ்பூனைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டுக் கடகடவென்று ஆட்டும் சத்தம் கேட்டது, கூடவே "சாவி போக மாட்டேங்குது, சாவி போக மாட்டேங்குது" என்று பெவனின் குரல். மேசை விழுந்து விழுந்து சிரித்தது. இந்தத் தடவை அவன் செய்து காட்டியது கிளாரியை அல்ல.